மகளுக்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

கேள்வி: நான் விருதுநகர்ப் பக்கம். கலிபோர்னியாவில் பிரெஸ்னோவில் இருக்கிறோம். கணவர் மெக்சிகோ வழி. அவருடைய பெற்றோர் மிச்சோவாகான் மாநிலத்திலிருந்து விவசாய வேலைக்கு வந்து இங்கேயே தங்கியவர்கள். மகளுக்கு 10 வயது, என் சாயல். மகனுக்கு 6 வயது, அப்பா சாயல். தமிழ்ப் பள்ளியில் ஒரு பையன் மகளிடம் “நீ பாதித் தமிழ்தானே” என்று கேட்டிருக்கிறான். கணவர் வீட்டு விசேஷங்களில் அவளை மட்டும் “இந்தூ” என்று கூப்பிடுகிறார்கள். பள்ளிப் படிவத்தில் இனம் என்ற இடத்தை இரண்டு பிள்ளைகளுக்கும் காலியாக விட்டுவிட்டேன். ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழி) என்று மட்டும் போட்டால் கல்லூரிக்கு நல்லது என்கிறாள் தோழி. மகள் வயதுக்கு வந்தால் ஊரில் சடங்கு வைக்க வேண்டும் என்கிறார் அம்மா. ஞானஸ்நானம் கொடுத்து, 15 வயதில் கின்சியான்யெரா (பெண்ணின் பதினைந்தாம் பிறந்தநாள் விழா) நடத்த வேண்டும் என்கிறார் மாமியார். போன வாரம் மகள், “நான் என்னதான்மா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அன்றைக்கே பதில் சொல்லாமல் விட்டோமே என்று தவிக்காதீர்கள். தோலும் முடியும் ஆளுக்கு ஆள் வேறு என்பது மூன்று நான்கு வயதிலேயே பிள்ளைகள் கண்ணில் பட்டுவிடும். ‘இவர்கள் கூட்டத்தில் என்னைச் சேர்த்துக்கொள்வார்களா’ என்ற யோசனை எட்டு வயதை ஒட்டித்தான் வரும். பன்னிரண்டு, பதின்மூன்றில் நண்பர் வட்டம் இறுகும்போது அது வலிக்கத் தொடங்கும். ஆக, உங்கள் கையில் இன்னும் இரண்டு மூன்று ஆண்டு இருக்கிறது. “நீ ஸ்பெஷல், நீ உலகத்துக்கே சொந்தம்” என்று தேற்றினால் அந்த ராத்திரி நிம்மதியாகத் தூங்குவாள். சனிக்கிழமை அதே பையன் மறுபடி கேட்பான். அவளுக்குத் தேவைப்படுவது இரண்டு வீட்டிலும் உரிமையோடு நுழைந்து உட்காரும் வசதி. அது மொழியாலும், உறவாலும், விசேஷங்களில் அவளுக்கென்று ஓர் இடம் இருப்பதாலும் வரும்.

முதலில் படிவத்தை முடித்துவிடுங்கள். காலியாக விடுவது பாதுகாப்பானது என்று பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்கக் கல்வித் துறை 2007இல் வெளியிட்ட வழிமுறைப்படி, பெற்றோர் நிரப்ப மறுத்தால் பள்ளி ஊழியர் ஒருவர் பிள்ளையைப் பார்த்துத் தானே குறிக்க வேண்டும். உங்கள் வீட்டில் இதனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மகளைப் பார்த்து ஏசியன் என்பார், மகனைப் பார்த்து ஹிஸ்பானிக் என்பார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் பள்ளிக் கணக்கில் இரண்டு இனமாகிவிடுவார்கள்.

படிவம் பழைய வகை என்றால் கேள்வி இரண்டாக இருக்கும். ‘ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோவா?’ என்ற முதல் கேள்விக்கு ஆம். அடுத்து இனம்: அதில் ஏசியன் கட்டாயம், ஏசியன் இந்தியன் என்று தனிக் கட்டம் இருந்தால் அது. கணவர் வழிக்கு இனக் கேள்வியில் என்ன குறிப்பது என்பதை அவரும் அவருடைய பெற்றோரும் சொல்லட்டும். மிச்சோவாகான் புரேப்பெச்சா பழங்குடிகளின் மண். தங்களை அந்த வழியாகக் கருதும் குடும்பங்களும் உண்டு, கருதாதவையும் உண்டு. நீங்களாக ஊகித்து எழுத வேண்டாம். 2024 மார்ச்சில் கூட்டாட்சி அரசு இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கும்படி விதியை மாற்றியது. அந்தப் புதிய வகைப் படிவம் வந்தால் ஏசியன், ஹிஸ்பானிக் இரண்டையும் அருகருகே குறிக்கலாம். பழைய படிவங்கள் புழக்கத்திலிருந்து போக நாளாகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 2007 வழிமுறைப்படி பள்ளி மேலே கணக்கு அனுப்பும்போது, ஹிஸ்பானிக் என்று ஆம் சொன்ன பிள்ளை வேறு எதைக் குறித்திருந்தாலும் ஹிஸ்பானிக் என்ற ஒரே தலைப்பில்தான் சேரும். அரசின் தொகுப்புக் கணக்கில் உங்கள் மகளின் ஏசியன் பாதி தெரியாது. நீங்கள் தப்பாக நிரப்பிவிட்டதாக நினைத்து மாற்றப் போகாதீர்கள். நீங்கள் எழுதித் தந்த பதில் பள்ளிப் பதிவில் இருக்கும். பள்ளி அலுவலகத்தில் மாணவர் விவரத்தைத் திருத்த வேண்டும் என்று கேட்டு, இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நாளில், ஒரே மாதிரி நிரப்புங்கள். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். ஒன்றுக்கு மேல் குறிக்கலாம் என்பதை அவள் கண்ணால் பார்ப்பது நல்லது.

தோழி சொன்னதை விட்டுவிடுங்கள். கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை 1996இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 209ஆம் முன்மொழிவே தடுத்துவிட்டது. 2023இல் ஹார்வர்ட், வட கரோலினா பல்கலைக்கழகங்களின் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் நாடு முழுவதும் அதே நிலைதான். ஆதாயமே இருந்தாலும்கூட, அம்மாவை மறைத்தால் லாபம் என்று பத்து வயதுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கக் கூடாது.

ஒன்றுக்கு மேல் குறிக்கும் உரிமை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2000இல்தான் வந்தது. 1930 கணக்கெடுப்பில் ‘மெக்சிகன்’ ஓர் இனம், ‘ஹிந்து’ இன்னோர் இனம். இந்தியர் எந்த மதமானாலும் ஹிந்துதான். வெள்ளையரல்லாத இரண்டு இனம் கலந்த பிள்ளைக்குப் பொதுவாகத் தகப்பன் இனத்தை எழுதச் சொல்லியிருந்தார்கள். அப்படி எழுதப்பட வேண்டிய பிள்ளைகள் கலிபோர்னியாவிலேயே இருந்தார்கள். அவர்கள் கதையை நீங்களும் கணவரும் தெரிந்துகொள்வது அவசியம்.

மெக்சிகோ எல்லையை ஒட்டிய இம்பீரியல் பள்ளத்தாக்கில் முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து இந்தியத் தகப்பனும் மெக்சிகோ தாயுமாகச் சில நூறு குடும்பங்கள் உருவாயின. ஆண்கள் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள். பெரும்பாலும் சீக்கியர், கொஞ்சம் முஸ்லிம்கள், சில இந்துக்கள். 1917 குடியேற்றச் சட்டம் ஆசியாவிலிருந்து வரும் வழியை அடைத்ததால் ஊரிலிருந்து பெண் எடுத்து வர முடியாது. வெள்ளையர் பிற இனத்தாரை மணக்க கலிபோர்னியாவில் தடை. மாநில உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது 1948இல்தான். பருத்திக் காட்டில் கூட வேலை பார்த்த மெக்சிகோ பெண்களை மணந்தார்கள். திருமண உரிமம் கொடுக்கும் எழுத்தரின் கண்ணுக்கு இருவரும் ஒரே நிறம். குடியுரிமை பெற முடியாத அயலார் நிலம் வாங்க 1913 சட்டம் தடை போட்டிருந்தது. இந்தியருக்குக் குடியுரிமை கிடையாது என்று 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. சிலர் அமெரிக்காவில் பிறந்த தங்கள் பிள்ளைகள் பெயரில் நிலத்தை எழுதி வைத்துப் பிழைத்தார்கள்.

பிள்ளைகளுக்கு முன்பெயர் மரியா, ஹோசே என்று இருக்கும். பின்பெயர் சிங், கான். தாய்மார் வழியில் கத்தோலிக்கராக, ஸ்பானிஷும் ஆங்கிலமும் பேசி வளர்ந்தார்கள். தகப்பன்மார் விடியுமுன் வயலுக்குப் போய்விடுவார்கள். பஞ்சாபி பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவில்லை. ஊர்ச் சொந்தங்களைப் பார்க்கவும் வழியில்லை. 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பின் வடக்கே யூபா சிட்டிப் பக்கம் புதிய பஞ்சாபிக் குடும்பங்கள் நிறைய வந்தன. சிங் என்று பெயர் வைத்துக்கொண்டு பஞ்சாபி தெரியாமல் தேவாலயத்துக்குப் போகிறவர்களை வந்தவர்களில் பலர் தங்களவராக ஏற்கவில்லை. அந்தப் பிள்ளைகளோ தங்களை ஹிந்து என்றும் மெக்சிகன் என்றும் சொல்லிப் பெருமையோடு வளர்ந்தவர்கள். தகப்பனின் ஊர்க்காரர்களே கதவைச் சாத்தியது அவர்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும்! தகப்பன்மாரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சட்டமும் வறுமையும் அவர்களுக்கு நேரம் விடவில்லை. உங்களுக்கு அந்தத் தடைகள் இல்லை. அதனால்தான் மொழி விஷயத்தில் உங்களிடம் கொஞ்சம் கறாராகப் பேசுகிறேன்.

உங்கள் வீட்டில் தமிழ் எதற்குப் பயன்படுகிறது என்று இரண்டு நாள் கவனியுங்கள். சாப்பிடு, குளி, சீக்கிரம் கிளம்பு, படுத்துத் தூங்கு. பெரும்பாலான வீடுகளில் இவ்வளவுதான். ஏவலும் அதட்டலும் மட்டும் தமிழில், கொஞ்சலும் கதையும் ஆங்கிலத்தில் என்றால் பிள்ளைக்குத் தமிழ் புரியும், வாய் வராது. ஏவலுக்குப் பதில் வார்த்தை தேவையில்லை, எழுந்து போனால் போதும். ஆகவே தினமும் இருபது நிமிடம், அவள் பேசியே ஆக வேண்டிய ஒரு வேலையைத் தமிழில் செய்யுங்கள். தோசை ஊற்றலாம், பல்லாங்குழி ஆடலாம், பழைய புகைப்படங்களை அடுக்கலாம். அவள் ஆங்கிலத்தில் “இன்னும் ரசம் வேண்டும்” என்றால், “தமிழில் சொன்னால்தான் தருவேன்” என்று சொல்ல வேண்டாம். அப்படிச் சொல்லும் வீட்டில் பிள்ளை ரசத்தையே விட்டுவிடும். “இன்னும் ரசம் வேணுமா? கொஞ்சமா, நிறையவா?” என்று கேளுங்கள். பதிலுக்கு வேண்டிய வார்த்தை கேள்விக்குள்ளேயே இருக்கும். அவள் ஒரு சொல் எடுத்தால் போதும். ஆறு மாதம் போகட்டும், இரண்டு சொல்லாகும்.

பாட்டியுடன் வாரம் ஒரு முறை பத்து நிமிடம் போனில் பேசட்டும். “பாட்டிகிட்ட பேசு” என்று போனைக் கையில் திணித்தால் இருவரும் “சாப்டியா”வோடு நின்றுவிடுவார்கள். கேட்டு வாங்க ஒரு விஷயம் கொடுத்து அனுப்புங்கள்: அடைக்கு எத்தனை ஆழாக்கு அரிசி, அம்மா சின்ன வயதில் என்ன சேட்டை செய்தாள் என்பது போல. அவள் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது என்று ஊரில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அன்பாகத்தான் சிரிப்பார்கள், இந்த வயதுப் பிள்ளைகள் ஒரு மொழியை மூடி வைப்பதற்கு அந்தச் சிரிப்பே பெரும்பாலும் காரணம். ஸ்பானிஷ் கணவர் பொறுப்பு. அதற்குக் கலிபோர்னியாவில் தெருவும் கடையும் துணை நிற்கும், தமிழுக்கு அப்படி இல்லை. எனவே நேரம் குறைவாக இருக்கும் நாளில் தமிழுக்கு முதலிடம் கொடுங்கள். கணவர் கொஞ்சம் தமிழும் நீங்கள் கொஞ்சம் ஸ்பானிஷும் பிள்ளைகள் முன்னாலேயே திக்கித் திணறிக் கற்றுக்கொள்ளுங்கள். ஒருவர் மொழியை மற்றவர் தொடாத வீட்டில் எந்த மொழி கீழ் என்று பிள்ளைகள் தாங்களே முடிவுகட்டிவிடுவார்கள்.

இனி விசேஷங்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் ஏழு வயதைத் தாண்டிய பிள்ளையை ஞானஸ்நான விஷயத்தில் பெரியவரைப் போலவே நடத்தச் சொல்கிறது. மகளுக்குப் பத்து. அவளே விரும்ப வேண்டும், மறைக்கல்வி வகுப்புக்குப் போக வேண்டும். பெரும்பாலான பங்குகளில் அதற்கு மாதக்கணக்கில் ஆகும். மகனுக்கு ஆறு, அவனுக்குப் பெற்றோர் சம்மதம் போதும். இங்கேதான் பல வீடுகள் சறுக்குகின்றன: “பையனுக்காவது இப்போதே கொடுத்துவிடலாம்” என்பார்கள். வேண்டாம். ஏற்கனவே சாயலை வைத்து அவன் அப்பா வீட்டுப் பிள்ளை, அவள் அம்மா வீட்டுப் பிள்ளை என்று பிரித்துப் பேசும் சொந்தங்களுக்கு அது முத்திரை குத்திக் கொடுக்கும். கொடுத்தால் இருவருக்கும், இல்லையென்றால் இருவருக்கும் பொறுத்து.

கின்சியான்யெராவில் தேவாலயப் பூசை, விருந்து, அப்பாவுடன் வால்ட்ஸ் நடனம் என்று பகுதிகள் உண்டு. பூசைக்கு ஞானஸ்நானமும் முதல் நற்கருணையும் பொதுவாகக் கேட்பார்கள். விருந்துக்கும் நடனத்துக்கும் எந்தச் சான்றிதழும் வேண்டாம். ஞானஸ்நானம் இல்லாமலே மண்டபத்தில் நடத்தும் குடும்பங்கள் உண்டு என்பதை மாமியாரிடம் கணவர் பேசட்டும். நீங்கள் பேசினால் மருமகள் மறுக்கிறாள் என்று ஆகிவிடும்.

உங்கள் தம்பியோ அண்ணனோ இருந்தால் இன்னொன்று சொல்ல வேண்டும். தாய்மாமனையே ஞானத்தகப்பனாக வைத்து இரு வீட்டையும் இணைக்கலாம் என்று ஆசைப்படுவார்கள். சட்டப்படி ஞானப்பெற்றோர் உறுதிப்பூசுதல் பெற்ற கத்தோலிக்கராக, பொதுவாக 16 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். விமானச் சீட்டெல்லாம் எடுத்தபின் பாதிரியார் முடியாது என்பார். மாமாவுக்கு அது பெரிய அவமானம். ஆனால் மெக்சிகோ வழக்கத்தில் கின்சியான்யெராவுக்குக் கேக், மோதிரம், கிரீடம், காலணி என்று ஒவ்வொரு செலவுக்கும் ஒரு பத்ரினோ (அந்தச் செலவை ஏற்பவர்) நிற்பார். அதற்கு மதம் தடையில்லை. மோதிரத்தையோ கிரீடத்தையோ தாய்மாமன் பொறுப்பில் கொடுங்கள். தட்டில் வைத்துச் சீராகவே கொண்டுவரட்டும். இரண்டு வீட்டுக்கும் விளக்கம் சொல்லாமலே புரியும்.

ஊரில் சடங்கு பற்றி என் கருத்து உறுதியானது. அது அவள் உடம்பு, அவள் சம்மதம் இல்லாமல் நடத்தக் கூடாது. மாதவிடாய் என்றால் என்ன, பள்ளியில் வந்தால் என்ன செய்வது என்பதை இப்போதே சொல்லி, பையில் ஒரு நாப்கினும் மாற்று உள்ளாடையும் வைத்துவிடுங்கள். பிறகு கேளுங்கள். விரும்பினால் வீட்டளவில் செய்யலாம்: தலைக்குத் தண்ணீர், மாமா எடுத்த பாவாடை தாவணி, உளுந்தங்களி. மண்டபம், பிளெக்ஸ், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் எதுவும் வேண்டாம். வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது. அந்தப் பேச்சை உங்கள் அம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். “அவங்க வீட்டு விசேஷம் நடந்தா எங்க வீட்டு விசேஷமும் நடக்கணும்” என்ற பேரத்துக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

“இந்தூ” என்று கூப்பிடுவது பற்றி: மெக்சிகோவில் இந்தியாவிலிருந்து வந்த எவரையும் அப்படித்தான் சொல்வார்கள், பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருக்காது. ‘இந்தியோ’ என்ற சொல் வேறு. அங்கே பழங்குடிகளைக் குறிக்கும் அது வசவாகவும் புழங்குகிறது, அது காதில் விழுந்தால் கணவர் அங்கேயே நிறுத்த வேண்டும். எப்படியானாலும் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவளை மட்டும் இனம் சொல்லிக் கூப்பிடுவது சரியில்லை. “அவளுக்குப் பெயர் இருக்கிறது, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்” என்று கணவர் ஸ்பானிஷில் சொன்னால் போதும். இதைவிட எனக்குக் கவலை நிறம். நம் வீட்டில் கறுப்பு, மாநிறம், சிவப்பு. அவர் வீட்டில் பிரியெத்தா, மோரெனா, குவெரா. இரண்டு பக்கமும் ஒரே தராசு. தம்பி வெளுப்பு, அக்கா கறுப்பு என்று விருதுநகரிலும் சொல்வார்கள், மிச்சோவாகானிலும் சொல்வார்கள். யார் சொன்னாலும், எவ்வளவு மூத்தவரானாலும், பிள்ளைகள் காதுபட உடனே மறுத்துச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து தனியாக ஆறுதல் சொல்வது போதாது. அங்கே நீங்கள் பேசாமல் இருந்ததைத்தான் அவள் நினைவில் வைத்திருப்பாள்.

“நீ பாதித் தமிழா?” என்பதற்கு மூன்று பதில்களை அவளுடன் சேர்ந்து தயார் செய்து, நாலைந்து தரம் சொல்லிப் பார்க்க வையுங்கள். சின்னது: “அம்மா தமிழ், அப்பா மெக்சிகன், நான் ரெண்டும்.” நட்பாகக் கேட்பவருக்குப் பெரியது: பாட்டி தாத்தா ஊர்ப் பெயர்களோடு. மூன்றாவது: “அதைப் பத்தி இப்ப பேச விருப்பம் இல்லை.” இந்த மூன்றாவதைச் சொல்லவும் உரிமை உண்டு என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. தமிழ்ப் பள்ளி ஆசிரியரிடமும் பேசுங்கள். எல்லாப் பிள்ளைகளும் தங்கள் குடும்பம் எந்தெந்த ஊரிலிருந்து வந்தது என்று வரைபடத்தில் குறிக்கும் ஒரு வகுப்பு நடத்தச் சொல்லலாம். அவளை மட்டும் எழுப்பி நிறுத்தாமல் விஷயம் பொதுவாகிவிடும்.

உளவியலாளர் மரியா ரூட் கலப்பு வழியினருக்காக 1990களில் ஓர் உரிமைப் பட்டியல் எழுதினார். அதில் பெற்றோர் எதிர்பார்ப்பது போலன்றித் தன்னை அடையாளம் சொல்லும் உரிமை, உடன்பிறந்தவரிடமிருந்து வேறாகச் சொல்லும் உரிமை, இடத்துக்கு இடம் மாற்றிச் சொல்லும் உரிமை எல்லாம் உண்டு. நாளை மகள் தன்னைத் தமிழ் என்றும் மகன் மெக்சிகன் என்றும் சொல்லக்கூடும். பாட்டி வீட்டில் ஒன்றும் பள்ளியில் ஒன்றும் சொல்லக்கூடும். அதைப் பொய் என்று திருத்தாதீர்கள்.

தங்களைப் போன்ற பிறரை அவர்கள் பார்க்க வேண்டும். பிரெஸ்னோவிலிருந்து சுமார் 75 மைல் தெற்கே டெலானோ இருக்கிறது. 1965 செப்டம்பர் 8இல் லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பினோ தொழிலாளர்கள் அங்கே திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார்கள்; 16ஆம் தேதி சேசர் சாவேஸின் மெக்சிகோ வழித் தொழிலாளர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஆசியரும் லத்தீனோவும் ஒரே வரிசையில் நின்ற இடம் அது. பிலிப்பினோ மெக்சிகோக் குடும்பங்களும் கலிபோர்னியாவில் நிறைய உண்டு. விவசாய வேலைக்கு வந்த மாமனாரையும் கூட்டிப் போங்கள். அவர் சொல்ல நிறைய இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று: இரண்டாம் வகை நீரிழிவு அபாயம் இரண்டு வழியிலும் கூடுதல். எடை அதிகமாக இருந்தால் 10 வயதிலிருந்தோ, பருவமடையத் தொடங்கியதிலிருந்தோ, எது முன்னதோ அப்போதே சர்க்கரைப் பரிசோதனை செய்ய அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. குழந்தை மருத்துவரிடம் இரு குடும்ப வரலாற்றையும் சொல்லுங்கள்; மகனைப் பார்த்து அவர் அப்பா வழியை மட்டும் கேட்டுவிட்டு விடக்கூடும்.

அவள் தோலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினால், பள்ளி வாசலுக்கு நீங்கள் வர வேண்டாம் என்றால், பேசிக்கொண்டிருந்த மொழியைத் திடீரென அடியோடு நிறுத்தினால், பள்ளிக்குப் போகாமல் இரண்டு வாரத்துக்கு மேல் அடம்பிடித்தால் பள்ளி ஆலோசகரைப் பாருங்கள். வெளியே சிகிச்சையாளரைத் தேடும்போது, இரண்டு இனம் கலந்த பிள்ளைகளுடன் வேலை செய்திருக்கிறாரா என்று முதல் போன் பேச்சிலேயே கேளுங்கள். “எல்லாப் பிள்ளைகளும் எனக்கு ஒன்றுதான்” என்று பதில் வந்தால் அடுத்தவரைப் பாருங்கள்.